கடவுச்சொல் சரி, கடிதம் மட்டும் வரவில்லை

மின்னஞ்சலை எடுத்துத் தரும் மென்பொருள் எதுவானாலும், கடிதங்களைத் தொடுமுன் அது சேவையகத்திடம் தன்னை அடையாளம் காட்ட வேண்டும். அலுவலகக் கணினியில் உள்ள அவுட்லுக், தண்டர்பேர்ட், கைத்தொலைபேசியில் உள்ள மெயில் செயலி ஆகிய அனைத்துக்கும் இது பொது. நெடுங்காலம் முகவரியும் கடவுச்சொல்லும் மட்டுமே இதற்குப் போதுமாயிருந்தன. ஒருமுறை பதிந்து வைத்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் கடிதங்கள் தாமாக வந்து சேரும். அந்த ஏற்பாட்டைப் பெரிய நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திவிட்டன. யாஹூ 2020 ஒக்டோபரில் தொடங்கியது. கூகுள் தனிநபர் கணக்குகளில் 2022 மே 30 ஆம் திகதி நிறுத்தியது. மைக்ரோசொஃப்ட் நிறுவனக் கணக்குகளில் 2022 ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து படிப்படியாகவும், ஹொட்மெயில், அவுட்லுக் முகவரிகள் வைத்திருக்கும் தனிநபர்களுக்கு 2024 செப்டெம்பர் 16 இலும் நிறுத்தியது. கூகுளின் நிறுவனக் கணக்குகளுக்கு 2025 இல் முறை வந்தது.

இதன் விளைவை அம்பாறைக் கரையோரத்தில், மருதமுனை தொடங்கிப் பொத்துவில் வரையுள்ள ஊர்களில், பலர் ஒரே வடிவில் சந்திக்கின்றனர். ஒரு கைத்தறி விற்பனை நிலையத்திலோ பாடசாலை அலுவலகத்திலோ ஓடிக்கொண்டிருந்த பழைய அவுட்லுக் திடீரென்று கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்கும். சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் ஏற்காது. அதே கடவுச்சொல்லை உலாவியில் கொடுத்தால் கணக்கு திறந்துகொள்ளும். கணினி பழுதென்றும் வைரஸ் என்றும் எண்ணி வின்டோஸையே புதிதாகப் போடுவதுண்டு, அதனால் பயனில்லை. கடவுச்சொல் பிழையன்று, கணினியும் பழுதன்று. வெறும் கடவுச்சொல்லோடு வரும் மென்பொருளை இனி உள்ளே விடுவதில்லை என்று மறுமுனையில் இருக்கும் சேவையகம் முடிவெடுத்திருக்கிறது.

இந்த முடிவின் காரணம் மின்னஞ்சல் நெறிமுறைகளின் பிறப்பிலேயே இருக்கிறது. கடிதத்தை அனுப்பும் நெறிமுறையான எஸ்எம்டிபியை ஜோன் போஸ்டல் 1982 இல் வெளியிட்டபோது அதில் அடையாளச் சோதனை எதுவும் இருக்கவில்லை. வலையமைப்பில் இருந்த கணினிகள் சில நூறு, ஒன்றையொன்று அறிந்தவை. கடிதத்தை எடுக்கும் பொப் நெறிமுறையின் முதல் வடிவம் 1984 இலும், இன்றுவரை புழங்கும் மூன்றாம் வடிவம் 1988 இலும் வந்தன. ஐமேப் நெறிமுறையை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் 1986 இல் உருவாக்கினார். பொப் கடிதத்தைச் சேவையகத்திலிருந்து கணினிக்கு இறக்கிக்கொள்ளும்; ஐமேப் கடிதத்தைச் சேவையகத்திலேயே வைத்துப் பல சாதனங்களில் காட்டும். தொலைபேசி இணைப்பு நிமிடக் கணக்கில் பணம் தின்ற காலத்தில், சட்டென்று இணைந்து, இறக்கி, துண்டித்துக்கொள்ளும் பொப் பெரும் வசதியாயிருந்தது. இலங்கையிலும் மின்னஞ்சல் அவ்வாறான இணைப்புகளில்தான் வேரூன்றியது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு உருவான லேர்ன் வலையமைப்பு 1990 இல் பல்கலைக்கழகங்களுக்கு இடையே கடிதங்களைத் தொலைபேசிக் கம்பிகள் வழியே பரிமாறத் தொடங்கியது.

பொப் உரையாடல் மிகச் சுருக்கமானது. மென்பொருள் 110 ஆம் துறையில் (போர்ட்) இணைந்து, முதலில் பயனர் பெயரையும் அடுத்து கடவுச்சொல்லையும் அனுப்பும். இரண்டும் சரியானால் சேவையகம் சம்மதம் சொல்லிக் கடிதப் பட்டியலைத் தரும். கடவுச்சொல் அப்படியே எழுத்து எழுத்தாகக் கம்பியில் செல்லும். வழியில் ஒட்டுக் கேட்பவர் எவரும் படித்துக்கொள்ளலாம். சில முறைகளில் அது பேஸ்64 என்ற குறியீட்டில் எழுதப்பட்டுச் செல்லும். அது மறைகுறியாக்கம் அன்று. திருப்பி எழுத ஒரு நொடி போதும். இந்தக் குறையை டிஎல்எஸ் என்ற மறைகுறியாக்கப் போர்வை தீர்த்தது. பொப் 995 ஆம் துறைக்கும் ஐமேப் 993 ஆம் துறைக்கும் நகர்ந்தது அதன் விளைவே. போர்வையின்றிக் கடிதம் எடுப்பதைக் கைவிட வேண்டும் என்று இணையப் பொறியியல் பணிக்குழு 2018 இல் அறிவித்தது. டிஎல்எஸ்ஸின் பழைய பதிப்புகளான 1.0 உம் 1.1 உம் 2021 மார்ச்சில் காலாவதியானவையாக அறிவிக்கப்பட்டன. வின்டோஸ் 7 இல் ஓடும் பழைய அவுட்லுக் சில சேவையகங்களோடு இணையவே முடியாமல் நிற்பதற்கு இதுவே காரணம். அங்கே வரும் பிழைச் செய்தி கடவுச்சொல்லைப் பற்றியதாக இராது, இணைப்பைப் பற்றியதாக இருக்கும். இரண்டையும் பிரித்தறிந்தால் பாதி வேலை முடிந்தது.

கம்பியைக் காப்பாற்றிய பின்னும் பெரிய ஓட்டை ஒன்று மிஞ்சியது. ஒரே கடவுச்சொல்லை மக்கள் பல இடங்களில் பாவிக்கின்றனர். அவற்றுள் ஒன்று உடைந்தால் எல்லாம் உடைகின்றன. யாஹூவில் 2013 இல் நடந்த திருட்டு அக்காலத்தில் அங்கிருந்த 300 கோடிக் கணக்குகள் அனைத்தையும் பாதித்தது என்பது 2017 இல் வெளியானது. இவ்வாறு கசிந்த பட்டியல்களை வைத்துக்கொண்டு, இலட்சக்கணக்கான கணக்குகளில் இயந்திரங்கள் கடவுச்சொற்களைச் சலிக்காமல் முயன்று பார்க்கின்றன. இதற்கு மாற்றாக வந்ததே இரண்டாம் படி: கடவுச்சொல்லுக்குப் பின் கைத்தொலைபேசிக்கு வரும் குறியீட்டையும் கேட்பது. உலாவியில் இது எளிது, இன்னொரு பக்கத்தைத் திறந்து கேட்டுவிடலாம். பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டுமே கேட்கத் தெரிந்த பழைய பொப் உரையாடலிலோ இரண்டாம் கேள்விக்கு இடமே இல்லை. ஆகவே முன்வாசலில் எத்தனை பூட்டுப் போட்டாலும் பொப், ஐமேப் என்ற பக்கக் கதவுகள் ஒற்றைத் தாழ்ப்பாளுடன் நின்றன. ஒரே கடவுச்சொல்லைப் பல கணக்குகளில் தெளித்துப் பார்க்கும் தாக்குதல்களில் 99 சதவீதத்துக்கும் மேலானவை இந்தப் பழைய நெறிமுறைகள் வழியாகவே வருகின்றன என்று மைக்ரோசொஃப்ட் 2020 இல் தெரிவித்தது. பக்கக் கதவை மூடியது பயனரைத் தொல்லைப்படுத்தும் வேலையாகத் தோன்றினாலும், அது சரியான முடிவு.

மூடிய கதவுக்குப் பதிலாக வந்தது ஓஆத் 2.0 என்ற முறை. 2012 ஒக்டோபரில் தரமாக வெளியான இதன் அடிப்படை, மென்பொருளிடம் கடவுச்சொல்லைக் கொடுக்காமலே கடிதம் எடுக்க அனுமதி கொடுப்பது. வங்கிப் புத்தகத்தையும் கையொப்பத்தையும் ஒருவரிடம் ஒப்படைப்பதற்கும், தொகையும் திகதியும் எழுதிய காசோலை ஒன்றைக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாடே இங்கும். தண்டர்பேர்ட்டில் ஜிமெயில் கணக்கைச் சேர்க்கும்போது கூகுளின் சொந்தப் பக்கம் ஒன்று திறக்கும். கடவுச்சொல்லும் இரண்டாம் படியும் அந்தப் பக்கத்தில்தான் கொடுக்கப்படுகின்றன. அவை தண்டர்பேர்ட்டின் கைக்கு வருவதில்லை. இந்த மென்பொருள் கடிதங்களைப் படிக்கவும் எழுதவும் அனுப்பவும் அழிக்கவும் சம்மதமா என்று அந்தப் பக்கம் கேட்கும். சம்மதித்தால் இரண்டு டோக்கன்கள் வழங்கப்படும். ஒன்று ஏறத்தாழ ஒரு மணிநேரம் செல்லுபடியாகும் அணுகல் டோக்கன். மற்றது, அது காலாவதியானதும் புதியதைப் பெற உதவும் புதுப்பிப்பு டோக்கன். மென்பொருள் அணுகல் டோக்கனை ஐமேப் சேவையகத்திடம் காட்டிக் கடிதத்தை எடுக்கும்.

இதனால் கிடைக்கும் நன்மை பெரிது. ஒரு மடிக்கணினி களவுபோனால், கணக்கின் பாதுகாப்புப் பக்கத்துக்குச் சென்று அந்தச் சாதனத்தின் அனுமதியை மட்டும் நீக்கலாம். மற்றச் சாதனங்கள் வழமைபோல் ஓடும். கூகுள் கணக்கில் கடவுச்சொல்லை மாற்றினால் கடிதம் எடுக்கும் புதுப்பிப்பு டோக்கன்கள் செல்லாமற் போகும். ஆறு மாதம் பாவிக்காவிட்டாலும் அப்படியே. ஒரு நாள் மென்பொருள் மீண்டும் உள்நுழையச் சொன்னால் பெரும்பாலும் காரணம் இவற்றுள் ஒன்றுதான். புதிய அவுட்லுக்கும் தண்டர்பேர்ட்டும் ஓஆத்தை அறியும். பழைய அமைப்பை மாற்றும்போது அடையாளச் சோதனை முறை என்ற இடத்தில் சாதாரண கடவுச்சொல் என்பதை ஓஆத் 2 என்று மாற்ற வேண்டும். அது மட்டும் போதாத வேளையில் கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்க வேண்டும். பொப் முறையில் இறக்கி, சேவையகத்தில் அழித்துவிட்ட கடிதங்கள் அந்தக் கணினியில் மட்டுமே இருக்கும். அவற்றைப் பிரதி எடுக்காமல் கணக்கை நீக்குவது ஆபத்து.

ஓஆத் அறியாத பழைய மென்பொருளுக்கும், ஸ்கேன் செய்ததை மின்னஞ்சலில் அனுப்பும் அச்சு இயந்திரங்களுக்கும் கூகுளும் யாஹூவும் செயலிக் கடவுச்சொல் என்ற இடைவழியை வைத்திருக்கின்றன. கூகுளில் இது 16 எழுத்துகள் கொண்டது. ஒருமுறை மட்டுமே திரையில் காட்டப்படும். இரண்டாம் படி இயக்கப்பட்ட கணக்குக்கே கிடைக்கும். முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றினால் இதுவும் இறந்துவிடும். இதை வைத்திருப்பவரிடம் இரண்டாம் படி கேட்கப்படுவதில்லை என்பதால் இது பழைய பலவீனத்தின் சிறிய மிச்சம். தற்காலிகமாகப் பாவிக்கலாம், நிரந்தரமாக நம்பலாகாது. மைக்ரோசொஃப்டின் தனிநபர் கணக்குகளில் இந்த இடைவழியும் மூடப்பட்டுவிட்டது.

இதுவரை சொன்னவை மென்பொருள் சம்பந்தப்பட்டவை. பதிப்பை மாற்றினால் தீர்ந்துவிடும். இக்கரையோரத்து மக்களை உண்மையில் வாட்டுவது இரண்டாம் படியோடு பிணைந்த தொலைபேசி இலக்கம். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களிலிருந்து கட்டாருக்கும் சவூதிக்கும் டுபாய்க்கும் வேலைக்குச் செல்வோர் அங்கே இறங்கியதும் அந்நாட்டு சிம்மை வாங்குகின்றனர். இலங்கை இலக்கம் ரீலோட் செய்யப்படாமல் கிடந்து துண்டிக்கப்படுகிறது. சிறிது காலத்தில் வேறொருவருக்கு வழங்கப்படுகிறது. ஒப்பந்தம் முடிந்து வேறு நாட்டுக்குப் போனால் அங்கத்தைய இலக்கமும் போய்விடும். கணக்கின் மீட்பு இலக்கமோ எப்போதோ பதிந்த முதல் இலக்கமாகவே இருக்கும். புதிய தொலைபேசியில் உள்நுழையும்போது குறியீடு அந்த இலக்கத்துக்குப் போகும். கடவுச்சொல் மனப்பாடமாக இருந்தும் கணக்கு கையை விட்டுப் போய்விடுகிறது.

கைமாறிய இலக்கம் பழைய உரிமையாளரைப் பூட்டி வைப்பதோடு நிற்பதில்லை, புதியவருக்குக் கதவையும் திறந்துவிடலாம். அமெரிக்காவில் புதிய வாடிக்கையாளருக்கு வழங்கத் தயாராயிருந்த 259 இலக்கங்களைப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்து 2021 இல் முடிவை வெளியிட்டனர். 171 இலக்கங்கள் முன்னைய உரிமையாளரின் இணையக் கணக்குகளோடு இன்னமும் பிணைந்திருந்தன. அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட்டும் குறுஞ்செய்திக் குறியீட்டை 2017 வழிகாட்டியில் கட்டுப்பாட்டுக்குரிய முறையாக வகைப்படுத்தியது. எனினும் குறுஞ்செய்தியாவது இருப்பது ஒன்றும் இல்லாததை விட மேல். கூகுள் 2021 இல் 15 கோடிப் பயனர்களுக்கு இரண்டாம் படியைத் தானாகவே இயக்கியபின், அக்கணக்குகளில் களவுபோனவை பாதியாகக் குறைந்தன.

வெளிநாடு செல்பவருக்கு மிகப் பொருத்தமானது அங்கீகாரச் செயலி. கூகுள் ஒதென்டிகேட்டர் போன்ற இச்செயலிகள் 2011 இல் தரப்படுத்தப்பட்ட ஒரு கணக்கீட்டை நம்பியிருக்கின்றன. செயலியை இணைக்கும்போது கியூஆர் குறியீட்டின் வழியாக ஓர் இரகசியத் திறவுகோல் தொலைபேசிக்கு வந்துவிடும். அதே திறவுகோல் சேவையகத்திடமும் இருக்கும். 1970 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து எத்தனை 30 நொடித் துண்டுகள் கடந்தன என்ற எண்ணிக்கையையும் திறவுகோலையும் சேர்த்து இரு தரப்பும் தனித்தனியே கணக்கிடும். வரும் விடையிலிருந்து ஆறு இலக்கங்கள் எடுக்கப்படும். இரண்டும் ஒத்தால் வாசல் திறக்கும். சிம் வேண்டாம், ரோமிங் வேண்டாம், குறியீட்டைக் கணக்கிட இணைய இணைப்பே வேண்டாம்.

இங்கே ஒரு நுட்பம் கவனத்துக்குரியது. கணக்கீடு சர்வதேச நேரத்தில் நடப்பதால், இலங்கைக்கும் கட்டாருக்கும் இடையிலான இரண்டரை மணிநேர வேறுபாடு குறியீட்டைப் பாதிக்காது. தோஹாவில் இறங்கியவர் நேர வலயத்தை மாற்றாமல் கடிகார முள்ளை மட்டும் கையால் பின்னுக்குத் தள்ளினாலோ, தொலைபேசி நினைக்கும் சர்வதேச நேரமே பிழைத்துவிடும். குறியீடுகள் எல்லாம் நிராகரிக்கப்படும். நேரத்தைத் தானாக அமைக்கும் தெரிவை இயக்கினால் சரியாகிவிடும். தொலைபேசியை மாற்றுமுன் செயலியின் திறவுகோல்களைப் புதியதற்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கூகுளின் செயலி 2023 ஏப்ரல் முதல் அவற்றைக் கணக்கோடு ஒத்திசைத்து வைக்கும் வசதியையும் தருகிறது.

எல்லாம் தவறினாலும் கைகொடுப்பவை காப்புக் குறியீடுகள். கூகுள் ஒரு தடவையில் பத்துக் குறியீடுகளைத் தருகிறது. ஒவ்வொன்றும் எட்டு இலக்கம் கொண்டது, ஒருமுறைதான் செல்லும். இவற்றைத் தொலைபேசியில் படமெடுத்து அதே தொலைபேசியில் வைப்பதில் பொருளில்லை. காகிதத்தில் அச்சிட்டு, காணி உறுதியும் பிறப்பத்தாட்சிப் பத்திரமும் இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் உயிர்களோடும் வீடுகளோடும் அத்தகைய பத்திரங்களும் போயின. அந்த அனுபவமுள்ள ஊர்களுக்கு, இன்னொரு பிரதியைச் சம்மாந்துறை போன்ற உட்பகுதியிலுள்ள உறவினர் வீட்டில் வைப்பதன் தேவையை விளக்க வேண்டியதில்லை.

பயணத்துக்கு முன் செய்ய வேண்டியவை மேலும் சில உண்டு. மீட்பு முகவரியாகத் தம் கணக்கன்றி, நம்பிக்கையான குடும்பத்தவர் ஒருவரின் வேறொரு முகவரி இருக்க வேண்டும். பல்கலைக்கழகமோ அலுவலகமோ கொடுத்த முகவரி, அங்கிருந்து விலகிய பின் நிறுத்தப்படக்கூடும் என்பதால் அது மீட்புக்கு உகந்ததன்று. புதிய சிம் வாங்கியதும், பழையது இன்னும் உயிரோடிருக்கும்போதே, கணக்கில் இலக்கத்தை மாற்ற வேண்டும். கணக்கை மீட்கக் கோரும்போது பழகிய சாதனத்திலிருந்தும் பழகிய இடத்திலிருந்தும் முயல்வது நல்லது என்று கூகுளே சொல்கிறது. ஆகவே ஏற்கெனவே உள்நுழைந்த தொலைபேசியைப் பயணத்துக்கு முன் விற்றுவிடுவது புத்தியன்று. இரண்டு ஆண்டுகள் தொடாத கணக்கைக் கூகுள் அழிக்கலாம். அவ்விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ளது.

கடவுச்சொல்லையே இல்லாமலாக்கும் பாஸ்கீ என்ற முறையும் பரவி வருகிறது. அப்பிள், கூகுள், மைக்ரோசொஃப்ட் மூன்றும் 2022 மே மாதத்தில் இதற்கு ஒன்றாக ஆதரவு அறிவித்தன. தொலைபேசியில் இருக்கும் அந்தரங்கச் சாவி சேவையகத்துக்கு அனுப்பப்படுவதேயில்லை. கைரேகையோ முகமோ காட்டினால் அது ஒரு கையொப்பத்தை மட்டும் இட்டு அனுப்பும். போலித் தளத்தின் முகவரி வேறு என்பதால் அங்கே அது இயங்காது.

விதிகள் மாறும் காலம் ஏமாற்றுக்காரருக்கும் வசதியான காலம். உங்கள் மின்னஞ்சல் பெட்டி மூடப்படவுள்ளது, உடனே உறுதிப்படுத்துங்கள் என்ற கடிதம் உண்மையான அறிவிப்பின் சாயலிலேயே வரும். அதிலுள்ள இணைப்பை அழுத்தாமல், முகவரியைத் தாமே உலாவியில் எழுதிச் சென்று பார்ப்பதே காப்பு. தெரிந்தவரின் வட்ஸ்அப்பிலிருந்து, தவறுதலாக உங்கள் இலக்கத்துக்கு ஒரு குறியீடு வந்துவிட்டது, அதை அனுப்புங்கள் என்று வரும் செய்தியும் இதே வகை. குறியீட்டைச் சொல்வது கணக்கைக் கொடுப்பதாகும்.

நிறுவனங்கள் கட்டாயப்படுத்தாத இடங்களில் பழமை நீடிப்பதன் விலையை இலங்கை அரசே கொடுத்திருக்கிறது. லங்கா அரசாங்க மேகக்கணிமையில் ஓடிய மின்னஞ்சல் அமைப்பு மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ் 2013 பதிப்பை நம்பியிருந்தது. அப்பதிப்புக்கான ஆதரவு 2023 ஏப்ரல் 11 உடன் முடிந்தது. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் கப்பம் கோரும் மென்பொருள் அதைத் தாக்கியது. காப்புப் பிரதிகளும் பூட்டப்பட்டன. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீட்க முடியாமல் அழிந்தன. அமைச்சரவை அலுவலகமும் பாதிக்கப்பட்டது. கடிதங்களைத் தம் கணினியிலும் இறக்கி வைத்திருந்தவர்களிடம் மட்டும் அவை எஞ்சியிருக்க முடியும். நுழைவைக் கடினமாக்குவது ஒன்று, பிரதி வைத்திருப்பது வேறொன்று. ஓர் அலுவலகத்துக்கு இரண்டும் வேண்டும். ஓஆத் வழியாக ஐமேப்பில் இணைந்த தண்டர்பேர்ட் கடிதங்களின் பிரதியைக் கணினியில் வைத்துக்கொள்ளும். அதை அவ்வப்போது வெளித் தட்டு ஒன்றில் எடுத்து, கணினியிலிருந்து கழற்றி வைப்பது பெருஞ்செலவுள்ள காரியமன்று.

கடைசியாக, கணக்கு யாருடையது என்ற கேள்வி உண்டு. வேலை விண்ணப்பத்துக்கும் பல்கலைக்கழக அனுமதிக்கும் மின்னஞ்சல் முகவரி தேவைப்படும்போது, பலர் பக்கத்திலுள்ள கொமியூனிகேஷனில் கணக்குத் திறக்கச் சொல்கின்றனர். அவசரத்தில் கடைக்காரரின் இலக்கமே மீட்பு இலக்கமாகவும், கடையில் எல்லோருக்கும் கொடுக்கும் ஒரே கடவுச்சொல்லே கடவுச்சொல்லாகவும் பதியப்படுவதுண்டு. கடவுச்சொல் மட்டும் போதுமாயிருந்த காலத்தில் இது ஓரளவு ஓடியது. இன்று குறியீடு கடைக்காரரின் தொலைபேசிக்குப் போகிறது. உரிமையாளர் ரியாத்தில் நிற்கிறார். இது கடைக்காரரின் நேர்மை பற்றிய கேள்வியன்று. நேர்மையான கடையும் மூடப்படும், அதன் இலக்கமும் மாறும். கணக்குத் திறந்து கொடுக்கும் கடைகள் விண்ணப்பதாரரின் சொந்த இலக்கத்தையே பதிந்து, கடவுச்சொல்லை அவரே தட்டச்சுச் செய்ய விட்டு, காப்புக் குறியீடுகளை அச்சிட்டு அவர் கையில் கொடுப்பதை வழக்கமாக்க வேண்டும். ஏற்கெனவே இவ்வாறு கணக்குத் திறந்தவர்கள், கடையின் இலக்கம் இன்னும் இயங்கும்போதே அங்கு சென்று அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.